விஜயந்தாவுக்கு எத்தனை ஆம்பியர்?

மீன் நிறுக்கும் தொங்கு தராசை, ரேடியோவில் ஓட்ட நான் கட்டிய மாதிரி டாங்கியின் முன் கொக்கியில் மாட்டி, நானும் தம்பியும் கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்தோம். மோட்டார் செயினை முன்னாலேயே கழற்றி வைத்திருந்தோம். சிமெண்ட் தரையில் முள் 8 கிலோவில் நின்றது. அலை நனைத்துவிட்டுப் போன கெட்டி மணலில் 12. கரை மேட்டில், காலடி புதையும் காய்ந்த மணலில் 22. மூன்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி பட்டறைச் சுவரில் ஒட்டினேன். அந்தத் தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்த வேலையை முதல் நாளே செய்திருந்தால் ஒரு செட் பேட்டரியும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கன்ட்ரோலரும் வீணாகியிருக்காது.

அப்பா ராணுவத்தில் விஜயந்தா டாங்கி ஓட்டியவர். 1965-இல் ஆவடி தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளியே வந்தது, 105 மில்லிமீட்டர் பீரங்கி, சுமார் 39 டன் எடை என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஊருக்கு வந்த பிறகு அவர் அதை மறுபடி தொட்டதே இல்லை. அதனால் ஆறில் ஒரு பங்கு அளவில் ஒன்று கட்டத் தொடங்கினேன். உடல் நீளம் 1.32 மீட்டர், அகலம் 53 சென்டிமீட்டர். அளவுப்படி எடையும் வேண்டுமென்றால் 39 டன்னை 6×6×6, அதாவது 216-ஆல் வகுக்க வேண்டும், 180 கிலோ வரும். 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்தும் நம்முடையது 82 கிலோவில் நின்றுவிட்டது. அதுவே நாலு பேர் தூக்கும் கனம். இரும்பு வேலை ராமநாதபுரத்து லேத் பட்டறையில் ஒன்றரை வருடத்தில் முடிந்தது. பேட்டரியும் ரேடியோவும் ஒழுங்குக்கு வர இன்னும் இரண்டு வருடம் ஆனது.

நாங்கள் இருப்பது பெரியபட்டினம் பக்கம், மன்னார் வளைகுடாக் கரை. என் தொழில் வல்லங்களிலும் விசைப்படகுகளிலும் ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், விளக்கு வயரிங் பார்ப்பது. மின்சாரம் தெரிந்தவன் என்ற எண்ணத்தில் அளக்காமல் வாங்க ஆரம்பித்தேன். படகில் பேட்டரி ஒரே மாதிரி நிதானமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். டாங்கி அப்படிக் கேட்பதில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதுதான் எல்லாவற்றுக்கும் அடி. 22 கிலோ இழுவை என்றால் சுமார் 216 நியூட்டன். நிஜ விஜயந்தா மணிக்கு 48 கிலோமீட்டர் போகும். ஆறில் ஒரு பங்கு என்றால் 8 வரும். கடற்கரையில் ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் அது வேண்டாம் என்று, மனிதன் நடக்கிற வேகமான 5 கிலோமீட்டரில் நிறுத்திக்கொண்டோம். அது விநாடிக்கு 1.39 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 300 வாட். மோட்டார், கியர், செயின், டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) எல்லாம் தின்றது போக நூற்றுக்கு 60 தேறும் என்று வைத்தால் பேட்டரி தர வேண்டியது 500 வாட். 24 வோல்ட்டில் அது 21 ஆம்பியர். இதே கணக்கில் சிமெண்ட் தரைக்கு 7 அல்லது 8 ஆம்பியர், ஈர மணலுக்கு 11. பிறகு வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் மாட்டி ஓட்டிப் பார்த்தபோது காய்ந்த மணலில் 19-க்கும் 23-க்கும் நடுவில் ஆடியது. தராசு பொய் சொல்லவில்லை. கிளாம்ப் மீட்டர் வாங்குபவர்கள் டிசி ஆம்பியர் அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் பல ஏசி மட்டும் அளப்பவை.

இது நேராகப் போகும் கணக்கு. டாங்கிக்கு ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்க டிராக்கை நிறுத்தி, அல்லது பின்னால் ஓட்டி, மறுபக்கத்தால் உடம்பையே திருப்ப வேண்டும். அப்போது டிராக் முழுவதும் மணலைப் பக்கவாட்டில் அரைத்துத் தள்ளுகிறது. நின்ற இடத்திலேயே திரும்பும்போது மீட்டரில் 48 ஆம்பியர் வந்தது. ஓடும்போது எடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டிராக் நீளமாகவும் வண்டி ஒடுக்கமாகவும் இருந்தால் இது இன்னும் ஏறும். பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்பதை நேர் ஓட்டம் முடிவு செய்கிறது. கன்ட்ரோலர், ஃபியூஸ், வயர் கனம் மூன்றையும் திருப்பம்தான் முடிவு செய்கிறது. இந்த இரண்டு எண்களையும் பிரித்து வைத்துக்கொள்ளாமல் எதையும் வாங்க வேண்டாம்.

மோட்டார் பற்றிச் சுருக்கமாக. மின் சைக்கிளுக்கு வரும் கியர் வைத்த 24 வோல்ட் 250 வாட் பிரஷ் மோட்டார் இரண்டு. கார் வைப்பர் மோட்டாரில் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சிமெண்ட் தரையில் 30 கிலோ வண்டிக்குச் சரி. நம் மணலுக்குக் காணாது.

இனி பேட்டரி. முதலில் போட்டது கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட். 12 ஆம்பியர் எடுத்தால் 7-ஐ 12-ஆல் வகுத்து 35 நிமிடம் ஓடும் என்று போட்டேன். பதினேழாவது நிமிடத்தில் வண்டி முனக ஆரம்பித்து நின்றது. கீழக்கரையில் எனக்குப் படகு பேட்டரி தரும் கடைக்கார அண்ணனிடம், நாங்கள் காக்கா என்போம், எடுத்துப் போனேன். அவர் பேட்டரியைத் திருப்பி, பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்.

"தம்பி, இதுல போட்ருக்க 7 ஏஹெச் இருபது மணி நேரக் கணக்கு. மெதுவாக் குடிச்சா முழுசாக் கெடைக்கும். நீங்க ஒரே மடக்குல குடிக்கப் பாக்குறீங்க."

அதுதான் விஷயம். இருபது மணி நேரம் என்றால் 0.35 ஆம்பியர். அந்த வேகத்தில் எடுத்தால் 7 கிடைக்கும். 12 ஆம்பியரில் எடுத்தால் பாதிதான். 1897-இல் பியூகெர்ட் என்ற ஜெர்மானியர் எழுதி வைத்த விதி இது. படகு விளக்குக்கு எடுப்பது சொற்பம் என்பதால் என் தொழிலில் இது என்னை ஒரு நாளும் தொந்தரவு செய்ததில்லை.

அடுத்து காக்கா சொன்னபடி 12 வோல்ட் 26 ஏஹெச் இரண்டு. இரண்டும் சேர்ந்து 17 கிலோ. அது நன்றாகவே ஓடியது, ஈர மணலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். லெட் ஆசிட்டை மட்டமாகப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். டாங்கிக்குக் கனம் வேண்டும், அதுவும் அடியில் வேண்டும். கீழே 17 கிலோ உட்கார்ந்தால் டிராக் நன்றாகப் பிடிக்கிறது, மேட்டில் ஏறும்போது மூக்கைத் தூக்குவதில்லை. எந்த ஊரிலும் கிடைக்கும், பழையதைக் கொடுத்தால் காசு கழித்துத் தருவார்கள், தீப்பிடிக்கும் பயம் குறைவு. பள்ளிக்கூட மைதானத்திலோ சிமெண்ட் தரையிலோ ஓட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். லாரி பேட்டரி மட்டும் வேண்டாம். அது ஸ்டார்ட் செய்ய சில விநாடி கொட்டிக் கொடுக்கச் செய்தது, தகடு மெல்லிசு. அடிவரை இறக்கி இறக்கி ஏற்றினால் சில மாதத்தில் போய்விடும்.

அந்த 26 ஏஹெச் செட் போனது என் கவனக்குறைவால். ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் கடைசியாக ஓட்டிவிட்டு, சார்ஜ் போடாமல் டாங்கியைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். தை பிறந்து திறந்தபோது ஒன்று 9 வோல்ட், இன்னொன்று 10. காலியாக நின்ற லெட் ஆசிட்டின் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு ஏறவே ஏறாது. ஓட்டி முடித்த அன்று இரவே சார்ஜ் போட வேண்டும். மழைக்காலத்திலும் மாதம் ஒரு தடவை போட வேண்டும்.

அதன் பிறகுதான் லித்தியத்துக்கு வந்தேன். லித்தியம் என்றாலே எல்லாரும் லிப்போவை, அதாவது லித்தியம் பாலிமரை, நினைக்கிறார்கள். விமானம் விடுகிறவர்களுக்கு எடைதான் எல்லாம், அவர்களுக்கு அது சரி. சித்திரை வெயிலில் கரையில் நின்ற நம் இரும்பு உடலுக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 58 டிகிரி. அந்த அடுப்புக்குள் லிப்போவைப் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. உப்பிப் போய்க் கிழிந்து தீப்பிடித்தால் அணைப்பது கடினம். எடுத்தது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஒரு செல் 3.2 வோல்ட், முழுதாக ஏறினால் 3.65. எட்டு செல் தொடரில் 25.6 வோல்ட், நிறைந்தால் 29.2. சூட்டைத் தாங்குவதில் லிப்போவைவிட நிதானமானது. இதையும் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்துதான் சார்ஜரை மாட்டுகிறோம்.

செல், சோலார் தெருவிளக்குகளில் வரும் 32700 உருளை வகை. ஒன்று 6 ஏஹெச். நாலு நாலாகப் பேரலலில், அதாவது பிளஸ் பிளஸோடும் மைனஸ் மைனஸோடும், சேர்த்து எட்டு வரிசை, மொத்தம் 32 செல், 24 ஏஹெச். எடை பெட்டியோடு 6 கிலோவுக்குள். அடிக்கனம் குறைந்துவிட்டதால் பழைய பேட்டரி இருந்த இடத்தில் 12 கிலோ இரும்புப் பட்டை வைத்து ஈடுகட்டினேன். முதலில் வாங்கிய ஒரு கட்டு செல்லில் உறைமேல் 6 ஏஹெச் என்று இருந்தது, இறக்கி அளந்தால் 4.1. கையில் வாங்கியதுமே தெரிந்திருக்க வேண்டும். நல்ல 32700 செல் 140 கிராமுக்கு மேல் இருக்கும், அவை 110 கூட வரவில்லை. நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. செல் வாங்கும் யாரும் அதை முதலில் வாங்கிவிடுங்கள். தொடரில் சேர்ப்பதற்கு முன் எல்லா செல்லையும் பேரலலில் ஒன்றாகச் சேர்த்து 3.65-க்கு ஏற்றி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வரிசை முந்திக்கொண்டு காலியாகி, மற்ற ஏழிலும் சரக்கு இருக்கும்போதே வண்டி நின்றுவிடும்.

பேட்டரியோடு வரும் பாதுகாப்பு போர்டு, பிஎம்எஸ், அங்கேயும் ஒரு பாடம் இருந்தது. விற்றவர் 30 ஆம்பியர் போர்டு போட்டுக் கொடுத்தார். சராசரி 13, மணலில் 21, அப்புறம் என்ன என்று நானும் சரி என்றேன். முதல் திருப்பத்தில் 48 கேட்டதும் போர்டு மொத்த மின்சாரத்தையும் வெட்டிவிட்டது. வண்டி தண்ணீரோரம் அப்படியே நின்றது. வலை இழுத்துக்கொண்டிருந்த நாலு பேர் வேலையை விட்டு ஓடி வந்து தூக்கிக் கொடுத்தார்கள். இப்போது இருப்பது தொடர்ந்து 80 ஆம்பியர் தாங்கும் போர்டு. பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ்.

இன்னொன்று. லெட் ஆசிட் இறங்க இறங்க வோல்ட் குறையும், வண்டி சோர்வதைப் பார்த்தே கரைக்குத் திருப்பிவிடலாம். இது அப்படிக் காட்டிக்கொடுக்காது. முக்கால்வாசி காலியாகும் வரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டில் நிற்கும், பிறகு திடீரென்று விழும். அதனால் வோல்ட் மீட்டரை நம்ப முடியாது. உள்ளே போகும் வெளியே வரும் ஆம்பியரைக் கூட்டிக் கழித்துக் காட்டும் மீட்டர் ஒன்றை, ஆம்பியர் அளக்க உதவும் சிறு தடையான ஷண்ட்டோடு மாட்டினேன். 18 ஏஹெச் போனதும் ஓட்டத்தை நிறுத்திவிடுவோம். சார்ஜரும் இதற்கென்றே வரும் 29.2 வோல்ட் சார்ஜராக இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கான சார்ஜரில் சில, தகட்டைச் சுத்தம் செய்ய வோல்ட்டைத் தூக்கித் தூக்கி அடிக்கும். லித்தியத்துக்கு அது ஆகாது.

கன்ட்ரோலருக்கு வருவோம். பொம்மைக் கார்களுக்கு வரும் சின்ன கன்ட்ரோலர் இரண்டு வாங்கினேன், பெட்டியில் 320 ஆம்பியர் என்று கொட்டை எழுத்து. கண் இமைக்கும் நேரத்துக்குத் தாங்கும் எண் அது. தொடர்ந்து எவ்வளவு, எத்தனை வோல்ட் வரை என்பதைத்தான் படிக்க வேண்டும். ஒன்று மூன்றாம் நாள் புகைந்தது. மோட்டார் அடைபட்டு நின்றால் எவ்வளவு இழுக்கும் என்பதை வீட்டிலேயே அளக்கலாம். மோட்டார் அச்சை வைஸில் இறுகப் பிடித்து, 5 ஆம்பியரை மட்டும் செலுத்தி, முனைகளில் வோல்ட் பார்க்க வேண்டும். எனக்கு 1.6 வந்தது. 1.6-ஐ 5-ஆல் வகுத்தால் 0.32 ஓம். 24-ஐ அதனால் வகுத்தால் 75 ஆம்பியர். டிராக்கில் கல் சிக்கினால் ஒரு மோட்டார் கேட்கப்போவது இதுதான். அதனால் தன் அளவு மீறினால் தானே குறைத்துக்கொள்ளும் கன்ட்ரோலராகத் தேடி, சேபர்டூத் 2x32 வாங்கினேன். ஒரு பக்கத்துக்குத் தொடர்ந்து 32 ஆம்பியர், சற்று நேரத்துக்கு 64. கைக்கருவியின் ஸ்டிக்கை விட்டதும் மோட்டார் பிரேக்காகி, அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டி உருண்டு ஓடாமல் இருப்பது இதனால்தான். ஆனால் விளிம்பு வரை சார்ஜ் ஏறிய பேட்டரியோடு நேராக இறக்கத்தில் தொடங்கக் கூடாது. திரும்பி வரும் மின்சாரம் போக இடமில்லாமல் பிஎம்எஸ் வெட்டிவிட்டால் வோல்ட் எகிறும், கன்ட்ரோலருக்குக் கேடு. முதலில் சமதரையில் பத்து நிமிடம் ஓட்டிவிடுங்கள்.

வயரில் உப்புக்காற்றின் வேலையை நான் தினமும் பார்க்கிறவன், இருந்தும் முதலில் சாதாரணச் செப்பு வயர்தான் போட்டேன். எட்டு மாதத்தில் ஒரு முனையை வெட்டிப் பார்த்தால் உறைக்குள்ளேயே ஒரு விரல் நீளத்துக்குக் களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது. சாலிடர் ஒட்டவில்லை. இப்போது எல்லாம் வெள்ளீயம் பூசிய செப்பு வயர், படகுக்கு வாங்குவதுதான், மெயின் லைனுக்கு 6 ஸ்கொயர் மில்லிமீட்டர். முனைகளை அழுத்திக் கட்டி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் மாட்டி, கனெக்டர் வாயில் கொஞ்சம் வாசலின். சர்க்யூட் போர்டுகளுக்கு அக்ரிலிக் ஸ்பிரே இரண்டு கை. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மோட்டார் பக்கம் நீட்டுங்கள். பிரஷ் மோட்டாரின் பொறி ரேடியோவைக் கெடுக்கும், அதற்கு முனைகளுக்கு நடுவிலும் ஒவ்வொரு முனைக்கும் மோட்டார் உடலுக்கும் நடுவிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் மூன்று. கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் இதெல்லாம் போட்டும் பயனில்லை, மணல் மாவாகப் பறந்து பேரிங் வரை போகிறது. அந்த மாதங்களில் வண்டி வீட்டில்தான்.

ரேடியோவில் முதல் கேள்வி எத்தனை சேனல். இடது டிராக், வலது டிராக், டரட் (பீரங்கி இருக்கும் மேல்பகுதி) திருப்ப, பீரங்கி தூக்க, விளக்கும் ஓசையும், அவசரமாக மின்சாரத்தை வெட்ட. ஆறு ஆகிவிட்டது. எட்டோ பத்தோ இருந்தால் மூச்சு விடலாம். பெரும்பாலோர் ஒரே ஸ்டிக்கில் முன்னே பின்னே, இடம் வலம் என்று கலந்து ஓட்டுகிறார்கள். முதலில் நானும் அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். அப்பா கையில் வாங்கி அரை நிமிடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது காரு மாதிரில்ல இருக்கு. ரெண்டு கைக்கும் ரெண்டு லீவர் வேணும்ப்பா. எந்தப் பக்கம் இழுக்குறோமோ அந்தப் பக்கம் திரும்பணும்."

சரி என்று இடது ஸ்டிக் இடது டிராக்குக்கு, வலது ஸ்டிக் வலது டிராக்குக்கு என்று மாற்றினேன். இங்கே ஒரு சிக்கல். இந்த ரேடியோ செட்டுகள் மாதிரி விமானத்துக்காகச் செய்தவை. இடது ஸ்டிக் மேலும் கீழும் போகிற திசையில் ஸ்பிரிங் இருக்காது, விட்ட இடத்தில் நிற்கும், ஏனென்றால் அது விமானத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில். டாங்கிக்குக் கையை எடுத்தால் நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். பின்மூடியைத் திறந்து, பல்லில் உரசும் தகட்டை எடுத்துவிட்டு, பழுதான இன்னொரு செட்டிலிருந்து ஸ்பிரிங்கும் அதன் சின்ன நெம்புகோலும் மாற்றினேன். அரை மணி நேர வேலை.

அந்த திராட்டில் சேனலில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது. கைக்கருவிக்கும் வண்டிக்கும் தொடர்பு அறுந்தால் வண்டிக்குள் இருக்கும் ரிசீவர் தானாக என்ன செய்ய வேண்டும் என்பது ஃபெயில்சேஃப். விமானத்துக்கு அது திராட்டிலைக் கீழே இறக்கும், மோட்டார் நிற்கும். ரிசீவர் அனுப்பும் துடிப்பு 1000 மைக்ரோ விநாடியிலிருந்து 2000 வரை போகும். விமானத்தில் 1000 என்றால் நிறுத்தம். டாங்கியில் நிறுத்தம் 1500-இல் இருக்கிறது. 1000 என்றால் முழு வேகத்தில் பின்னால் போ என்று அர்த்தம்.

ஒரு மாசி மாத மாலை. கைக்கருவியில் போட்டிருந்த நாலு பேட்டரியில் ஒன்றின் ஸ்பிரிங்கில் துரு, தொடர்பு விட்டுவிட்டது. திரை இருண்டதைப் பார்த்து, வண்டி நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். இடது டிராக் முழு வேகத்தில் பின்னால் சுழன்றது. வலது டிராக் நின்றுவிட்டது. 82 கிலோ இரும்பு வட்டம் போட்டபடியே பின்வாங்கி, காயப்போட்டிருந்த வலைமேல் ஏறியது. டிராக்கை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் வலையைச் சுற்றி இழுத்து, கயிறு இறுகி, மோட்டார் திணறி, ஃபியூஸ் போன பிறகுதான் நின்றது. வலைக்காரர் பக்கத்து வீட்டு அண்ணன். கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கிழிந்ததைப் பின்னிக் கொடுக்கக் கூலியும் நூலும் நான் கொடுத்தேன், அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அதற்குப் பத்து நிமிடம் முன்பு அதே வலைமேல் அவருடைய ஐந்து வயது மகன் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஃபெயில்சேஃபை எல்லா ஓட்டச் சேனலுக்கும் 1500-இல் வைத்தேன். சில ரிசீவர்களில் தொடர்பு அறுந்தால் துடிப்பே அனுப்பாமல் இருக்கும்படியும் வைக்கலாம், அப்போது நல்ல கன்ட்ரோலர் தானே மோட்டாரை நிறுத்திவிடும். எதை வைத்தாலும் புத்தகத்தை நம்பி விடாதீர்கள். வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, டிராக் காற்றில் சுற்றும்போது கைக்கருவியை அணையுங்கள். ஒரு விநாடிக்குள் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். முன்னால் ஓட்டி ஒரு தடவை, பின்னால் ஓட்டி ஒரு தடவை. நான் இதை ஒவ்வொரு தடவை கரைக்குப் போகும் முன்பும் செய்கிறேன். ரிசீவரை மாற்றினாலோ மறுபடி இணைத்தாலோ பழைய அமைப்பு அழிந்து போகலாம். அதோடு இன்ஜின் மூடி மேல் சிவப்புக் குமிழ் சுவிட்ச் ஒன்று வைத்திருக்கிறேன். யார் தட்டினாலும் மின்சாரம் அறும். அதைத் தட்ட வேண்டும் என்பது தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.

ஆன்டெனா விஷயம் நேரானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். ரிசீவர் வயரின் நுனியில் மேலுறை உரித்த 3 சென்டிமீட்டர்தான் உண்மையான ஆன்டெனா. அது இரும்புப் பெட்டிக்குள் கிடந்தால் கேட்காது. எனக்கு முதலில் 15 மீட்டர்தான் கிடைத்தது. மட்கார்டு மேல் இருக்கும் சாமான் பெட்டிகளைப் பிளாஸ்டிக்கில் செய்து, இரண்டு நுனிகளையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அவற்றுக்குள் நிறுத்தினேன். இப்போது 150 மீட்டரிலும் விடுவதில்லை. கூட்டம் நடுவில் நின்றால் தூரம் குறையும், மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், இந்த அலையைக் குடித்துவிடும். கைக்கருவியை நெஞ்சுக்கு மேலே பிடித்தால் வித்தியாசம் தெரியும்.

ரிசீவருக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள். பீரங்கி தூக்கும் சின்ன மோட்டாரான சர்வோவும் ரிசீவரும் ஒரே லைனில் இருந்தபோது, சர்வோ முட்டி நின்ற கணத்தில் வோல்ட் சரிந்து ரிசீவர் அணைந்து மறுபடி எழுந்தது. இப்போது இரண்டுக்கும் தனித்தனி வோல்ட் மாற்றி.

ரேடியோ செட் வாங்கும்போது அலைவரிசை பற்றி ஒரு எச்சரிக்கை. 2.4 கிகாஹெர்ட்ஸில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டாம். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸும் அப்படியே. தூரம் அதிகம் போகும் என்று அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் செட்டை வரவழைக்காதீர்கள், அது இங்கே வேறு சேவைக்கு உரியது. டாங்கிக்கு அவ்வளவு தூரம் தேவையும் இல்லை. கண்ணுக்கு எட்டாத இடத்தில் 82 கிலோவை ஓட்டக் கூடாது.

நம் கரையில் ஓட்டுகிறவர்கள் கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உச்சிப்புளியில் கடற்படை விமான தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, எல்லாம் பக்கம்தான். பீரங்கியோடு ஒன்று மணலில் ஊர்ந்தால் தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அதேபோல் தை தொடங்கி பங்குனி முடியும் வரை மேட்டு மணலுக்கு வண்டியை ஏற்றுவதில்லை. பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடும் காலம் அது, குழி மேலே தெரியாது. அந்த மாதங்களில் அலை நனைக்கும் கெட்டி மணலோடு சரி. ஆம்பியரும் பாதிதான் ஆகிறது.

போன வைகாசியில் ஒரு காலை, கடல் குளம் மாதிரி கிடந்தது. செங்கல் மேல் வைத்து இரண்டு தடவை அணைத்துப் பார்த்துவிட்டு, கைக்கருவியை அப்பாவிடம் கொடுத்தேன். கட்டை விரல்களை ஸ்டிக் மேல் வைக்காமல், இரண்டு விரலால் லீவரைப் பிடிப்பது போல நுனியைப் பிடித்துக்கொண்டார். ஈர மணலில் நேராக விட்டு, நின்ற இடத்தில் திருப்பாமல், இடதை மெல்லக் குறைத்து அகலமாக வளைத்துத் திருப்பினார். நான் திருப்பும்போது 48 காட்டும் மீட்டர் அவர் கையில் 26-ஐத் தாண்டவில்லை.

"நின்ன எடத்துல திருப்புனா டிராக் கழண்டுரும்னு அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார், கண்ணை வண்டியிலிருந்து எடுக்காமல்.

ஒரு மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம் ஓட்டினார். மீட்டரில் 16.2 ஏஹெச். கிணற்றுத் தண்ணீர் நாலு குடம் ஊற்றி டிராக்கைக் கழுவினோம்.